துரை அடித்த ஆணி

எங்க கன்னியம்மாவைப் பைத்தியம்னு சொல்றவன் சொல்லிட்டுப் போவட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா நேத்து வண்டிப்பேட்டையில ஒரு கம்னாட்டி, "அதுக்கெல்லாம் இன்னா நோவு நொடி தெரியப்போவுது, அது ஒடம்பு கல்லு"ன்னான் பாரு, அவன் பல்லைப் பேத்துக் கையில குடுத்திருப்பேன். லாடம் கட்டுற உஸ்மான் கனி பாய் குறுக்க வந்து புடிச்சிகினாரு. அவனைச் சொல்லி இன்னா பண்றது? மூணு வருசத்துக்கு மின்னாடி நானும் அதையேதான் சொல்லிகினு இருந்தேன். எப்படி மாறினேன்னு கேளு நைனா.

என் பேரு துலுக்கானம். கரையான்சாவடியில ஊடு, ரெட்டை மாட்டு வண்டி ஓட்டுறேன். கன்னியம்மா எனக்கு ஒரே தங்கச்சி. அவளுக்குப் பதினெட்டு வயசுல காதுக்குள்ள ஒரு துரை வந்து குந்திகினான். வெள்ளைக்காரத் துரை, தொப்பி போட்டவன், குதிரைமேல வருவானாம். நாங்க யாரும் பாத்ததில்ல. எழுந்திரும்பான், குந்தும்பான், உன் புருசன் போடுற சோத்துல மண்ணு கீது துன்னாதேம்பான். புருசன்காரன் ஆறு மாசம் பொறுத்துப் பாத்தான். அப்பால ஒரு நாளு வண்டியில ஏத்திகினு வந்து எங்க ஊட்டு வாசல்ல எறக்கிட்டு, ஒரு வாய்த் தண்ணி கூடக் குடிக்காம திரும்பிப் போய்ட்டான்.

அதுக்காக அவ சும்மா குந்தித் துன்னவ இல்ல. பொழுது வெளுக்கறப்பவே அருவாளை எடுத்துகினு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவா. ஒரு கட்டு புல்லு அறுத்து, தலையில வெச்சிகினு பூந்தமல்லி வண்டிப்பேட்டைக்கு வருவா. வர்ற வழியெல்லாம் துரைகிட்ட சண்டை. "யோவ், எறங்கி நடயேன்யா, எனக்கு கழுத்து நோவுது"ன்னு அவ சத்தம் போட்டா, சைக்கிள்ல போறவன் தன்னைத்தான் சொல்றான்னு பயந்து எறங்கிடுவான். பேட்டையில எல்லாரும் சிரிப்பானுங்க. ஆனா புல்லு மட்டும் அவகிட்டதான் வாங்குவானுங்க. அவ கட்டுல ஒரு முள்ளு இருக்காது, மாட்டுக்கு ஆவாத ஒரு பூண்டு இருக்காது.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். மாட்டுக்கு வெச்சிருக்கிற கடலைப் புண்ணாக்கைத் திருடித் துன்னுவா. கல்லாட்டம் கீற புண்ணாக்கைக் கடவாப்பல்லுல குடுத்து கடக்குன்னு கடிப்பா, தெருமுனை வரைக்கும் கேக்கும். என் பொஞ்சாதி ராஜம்மா தெனம் கத்துவா. "மாட்டுக்கு வெச்சதை மனுசி துன்னா, மாடு இன்னா உன் தலையையாடி துன்னும்?"

அந்த சித்திரை மாசம் உனக்கு ஞாபகம் கீதா? ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பட்டணமே காலி ஆச்சே, அந்த சித்திரை. பொட்டி படுக்கை, கோழிக்கூடு, அம்மிக்கல்லு எல்லாத்தையும் தூக்கிகினு ஜனம் மேக்கால ஓடியாந்துச்சு. திருநின்றவூரு, வேப்பம்பட்டு, எங்க போனாலும் ஒண்டக் குடிசை இல்ல. எனக்கு ராப்பகலா சவாரி. ஊட்டுக்கு வந்து குளிச்சி ஒரு வாய் சோறு துன்ன நேரம் இல்ல.

அப்பதான் ராஜம்மா சொன்னா. "இன்னாய்யா, உன் தங்கச்சி பத்து நாளா புண்ணாக்குல கையே வெக்கல."

"மெய்யாலுமா?"

"சாமி சத்தியமா. வெச்சது வெச்சபடி கீது."

எனக்குத் தலைகால் புரியல. தெளியுதுடி, புத்தி தெளியுதுன்னு குதிச்சேன். பதினாலு வருசமா நேந்துகினது பலிச்சிடுச்சுன்னு பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடச்சேன். அந்தத் தேங்காயை என் மண்டையில ஒடச்சிருக்கணும்.

அடுத்த வாரம் சோத்தை நிறுத்தினா. அப்பால கூழு. வாயில ஊத்தினா பாதி வெளிய வழிஞ்சிது. சொவரைப் பாத்துகினு முக்காடு போட்டுக் குந்திகினு, தன் கன்னத்துல தானே அறைஞ்சிகினா. ஏண்டி இப்படிப் பண்றேன்னு கேட்டா, "துரை ஆணி அடிக்கிறான் அண்ணாத்தே. சுத்தியால அடிக்கிறான். பல்லுல அடிக்கிறான்"னு சொல்லி அழுதா.

நல்லா கேளு. பல்லுலன்னு சொன்னா. வாயைத் தொறந்து, தமிழ்ல, என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா. ஆனா அவ பேச்சுல துரை வந்துட்டா அப்பால வர்ற எதுவும் எங்க காதுல ஏறாது. அத்தனை வருசப் பழக்கம். கன்னம் வீங்கிச்சு. அறைஞ்சிகினா வீங்காம இன்னா பண்ணும்னேன். ஒடம்பு அனலாக் கொதிச்சிது. வெயில்ல புல்லுக்குப் போனா கொதிக்கத்தான் செய்யும்னேன். அறைஞ்சிக்கக் கூடாதுன்னு மாட்டுத் தும்பால ரெண்டு கையையும் சேத்துக் கட்டினேன். எல்லாத்துக்கும் என்கிட்ட ஒரு பதில் இருந்துது.

மந்திரிக்கிறவன் ஒருத்தனைக் கூட்டியாந்தேன். அவன் வேப்பிலையால நாலு வீசு வீசிட்டு, "துரை கெட்டியாப் புடிச்சிகினு கீறான். அவ துன்னாம இருக்கிறது நல்லதுதான். பட்டினி கெடந்தாதான் அவன் எறங்குவான்"னான். வேப்பம்பட்டுக்கு அந்தாண்ட ஒரு கோயிலு, அங்க கம்பத்துல சங்கிலி போட்டு நாப்பத்தெட்டு நாளு கெடத்தணுமாம்.

ராஜம்மா என் காலைப் புடிச்சா. "எலும்பும் தோலுமாக் கீறாய்யா. நாப்பத்தெட்டு நாளு இன்னா, நாலு நாளு தாங்க மாட்டா. வேணாய்யா."

தாங்க மாட்டான்னு எனக்கும் தெரியும். எங்கண்ணு மின்னாடி சாவாம, எங்கியாச்சும் சாமி காலடியில போய்ச் சாவட்டும்னு நெனச்சேன். சொல்ல வாய் கூசுது. ஆனா நெனச்சது நெனச்சதுதான், இல்லேன்னு சொன்னா நாக்கு அழுவிப் பூடும்.

மறுநா காலையில வண்டியில வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வெச்சி ஓட்டிகினு கெளம்பினேன். பூந்தமல்லி எல்லை தாண்டறதுக்குள்ள மயிலைக் காளை முன்னங்காலை நொண்டுச்சு. எனக்கு உசுரே போய்டுச்சு. குதிச்சி எறங்கி, "இன்னாடா கண்ணு ஆச்சு, எங்கடா நோவுது என் ராசா"ன்னு காலைத் தூக்கிப் பாத்தேன். அப்படியே மெல்ல நடத்திகினு வண்டிப்பேட்டைக்குப் போனேன். உள்ள தங்கச்சி மொனகிகினு கெடக்கிறா. நான் மாட்டைக் கொஞ்சிகினு போறேன்.

உஸ்மான் கனி பாய் அங்கதான் புளியமரத்தடியில லாடம் கட்டுவாரு. அவரு கைக்கு ஒதைக்கிற மாடும் அடங்கிப் பூடும். குளம்பு மேல உள்ளங்கையை வெச்சிப் பாத்தாரு.

"சூடு ஏறிக்கீது. போன தபா அடிச்ச ஆணி ஒண்ணு சதையில போய்டுச்சு துலுக்கானம். என் தப்புதான். நல்ல வேளை, ஒடனே கொண்டாந்துட்டே."

"ஒரு அடி நொண்டுச்சு பாய். அடுத்த அடி வெக்க வுடல நானு." பெருமையாத்தான் சொன்னேன்.

அவரு ஆணியைப் புடுங்கறப்போ வண்டிக்குள்ளேருந்து சத்தம் வந்துது. "பாய், எனக்கும் ஆணி ஏறிடுச்சு. துரை அடிச்சிட்டான்."

"அது கெடக்குது பாய், நீ மாட்டைப் பாரு"ன்னேன்.

பாய் குறடைக் கீழ வெச்சாரு. வண்டிப்பக்கம் திரும்பி, ரொம்ப சாதாரணமா, மாட்டுக்காரன்கிட்ட கேக்கிற மாதிரியே கேட்டாரு. "எந்தப் பக்கம்மா?"

அப்பால கட்டின ரெண்டு கையும் மெதுவா மேல வந்துது. எடது கன்னத்தைத் தொட்டா.

"இந்தப் பக்கம் பாய். கீழ் வரிசை. கடைசிப் பல்லு."

என்னாட்டம் உன்னாட்டம், அவ்வளவு தெளிவாச் சொல்றா. இருவது நாளா ஒருத்தனும் அவளை அந்தக் கேள்வி கேக்கல. எந்தப் பக்கம்னு கேக்க எனக்கு ஒரு நிமிசம் ஆயிருக்குமா?

பாய் வண்டியாண்ட போயி, புறங்கையை அவ கன்னத்துக்கிட்ட கொண்டுபோனாரு. தொடல. "நெருப்பா கீதே"ன்னாரு. வாயைத் தொறக்கச் சொன்னாரு. ஒரு வெரல் அளவுக்குத்தான் தொறக்க முடிஞ்சிது. அந்த நாத்தம் எனக்கு வரைக்கும் வந்துது. பாய் என் பக்கம் திரும்புனாரு. அந்த மனுசன் கோவப்பட்டு நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"மாடு வாங்கப் போனா மொதல்ல இன்னாடா பாப்பே?"

"பல்லு பாய்."

"உனக்குப் பதினாலு வருசமா புல்லு அறுத்துப் போடுறாளே, என்னிக்காச்சும் இவ பல்லைப் பாத்தியாடா? காலைப் பாத்தியா? துரை இருக்கிறது பொய்யாவே இருக்கட்டும். நோவு பொய்யா? துரை இருக்கிறவளுக்குப் பல்லு அழுவாதா?"

தலையைத் தொங்கப் போட்டுகினு நின்னேன்.

அந்த நேரத்துல பூந்தமல்லியில ஒரு பல்லு டாக்டர் இருந்தாரு. சீனாக்காரரு. பட்டணத்துல மிண்ட்டுத் தெரு பக்கம் கடை வெச்சிருந்தவரு, குண்டுக்குப் பயந்து வந்து, பேட்டைக்குப் பின்னால கீற பாய் ஊட்டுக்கு அடுத்த ஊட்ல குடியிருந்தாரு. எங்க ஜனம் இருக்குதே, அது மூஞ்சியைப் பாத்துட்டு, தோ ஜப்பான்காரன் வேவு பாக்க வந்துட்டான்னு கெளப்பி விட்டுச்சு. நானே ஒரு வாரம் அவரு ஊட்டு வழியா வண்டி ஓட்ட மாட்டேன்னு சுத்திகினு போனவன். ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடியாந்த மனுசனைப் பாத்து ஜப்பான்காரன்னு பயந்தோம். எங்க புத்தியை எந்தக் கோயில் கம்பத்துல கட்டுறது, சொல்லு.

பாய் அங்க கூட்டிகினு போனாரு. நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். லாடம் கட்ட மாட்டைச் சாய்க்கிற கயிறு ஒண்ணு கீதே, அதைத் தோள்ல போட்டுகினு பின்னாலயே போனேன். "நான் காலைக் கட்டிப் புடிச்சிக்கிறேன் பாய், திமிருவா."

"மாட்டு பாஷை எனக்குத் தெரியாது. அதனால கட்டிப் போட்டுச் செய்யறேன்"னாரு பாய். "இவளுக்குத் தமிழ் தெரியுமில்ல? கையை அவுத்து வுடு."

அவுத்தேன். மணிக்கட்டுல தோலு உரிஞ்சி ரத்தம் கட்டியிருந்துது. நான் போட்ட முடிச்சு. பாய் பொஞ்சாதி ஃபக்ருன்னிசா அம்மா வந்து அந்தக் கையைத் தன் மடியில வெச்சிகினாங்க. "நான் இங்கதான் கீறேன் கண்ணு, எங்கியும் போவல"ன்னாங்க.

டாக்டருக்கு அரைகொறைத் தமிழ்தான். ஊசியைக் காட்டி, "இது குத்தும். கொஞ்சம் வலி. அப்புறம் இல்லை"ன்னாரு.

கன்னியம்மா அவரைப் பாத்தா. "துரை உத்தரவு குடுக்கணும்"னா.

"அடிப் பாவி, இங்கியுமாடி?"ன்னு நான் எகிறினேன். அவ இன்னா சொல்றான்னு டாக்டர் பாயைக் கேட்டாரு. பாய் சிரிக்கல. "அவ எசமானைக் கேக்கணுமாம்"னாரு. டாக்டர் தலையை ஆட்டினாரு. ஊசியைக் கீழ வெச்சிட்டு, முக்காலியை இஸ்துப் போட்டுக் குந்திகினு, "கேளுங்கம்மா. நான் இருக்கேன்"னாரு.

அவ கண்ணை மூடிகினு மொனமொனன்னு பேசினா. துரை ஒத்துக்கல போல, சண்டை முத்திச்சு. கடைசியில அந்த வீங்கின வாயால ஒரு கத்து கத்தினா பாரு. "நீதானய்யா அடிச்சே! நீயே புடுங்க வுடுய்யா!"

அப்பால கண்ணைத் தொறந்தா. உத்தரவாயிடுச்சுன்னா. முடிஞ்ச மட்டும் வாயைத் தொறந்தா.

நான் முழுசாப் பாக்கல. பல்லு பீங்கான் தட்டுல விழுந்த சத்தம் கேட்டுது. வேரு கரியாட்டம் கருப்பு. பின்னாடியே வந்த சீழு ஒரு கை அள்ளும். அவ ஒரே ஒரு தபா "ஹா"ன்னா. நோவுல வந்த சத்தம் இல்ல அது. வெயில்ல நடந்து வந்தவன் மோரு குடிச்சிட்டு வுடுவானே, அந்தச் சத்தம். நான் வெளிய ஓடி மயிலைக் காளை கழுத்தைக் கட்டிகினு அழுதேன். பேட்டையில அத்தனை பேரும் பாத்தானுங்க. பாத்தா பாக்கட்டும்.

டாக்டர் கையைத் தொடச்சிகினு வெளிய வந்தாரு. "இன்னும் நாலு நாள் போனா கழுத்துக்குள்ள எறங்கும். மூச்சு அடைக்கும். அப்புறம் யாரும் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னாரு. நாலு நாளு. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். அன்னிக்கு அவ கம்பத்துல கெடந்திருப்பா.

தெனம் புண்ணைக் கழுவணும்னு ஃபக்ருன்னிசா அம்மா ஊட்லயே வெச்சிகினாங்க. மூணாம் நாளு ஜொரம் எறங்கிச்சு. அஞ்சாம் நாளு நான் ஊட்டுக்குக் கூட்டிகினு வந்தேன். வர்ற வழியில கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். "கன்னி, துரை போய்ட்டானா?"

"கீறான் அண்ணாத்தே. ஆணிதான் போச்சு."

சரி, இருந்துட்டுப் போவட்டும்னேன். அவனுக்குத் தனியா சோறா ஆக்கிப் போடுறோம்?

ஊட்ல ராஜம்மா அவளைக் குந்தவெச்சித் தலைக்கு எண்ணெ தேச்சா. அப்பதான் தெரிஞ்சிது, சிக்குக்குள்ள ரூவாக் காசு அகலத்துக்கு அங்கங்க புண்ணு. காலைத் தேய்க்கிறா, குதிகால்ல கருவேல முள்ளு ஒண்ணு ஒடஞ்சி உள்ள கெடக்குது. எத்தினி நாளாடி இதுன்னு கேட்டா, "போன மழைக்கு"ங்கறா. துரை கால்ல நெருப்பு வெக்கிறான்னு போன மழைக்குச் சொன்னாளே, நாங்க கூட சிரிச்சோமேன்னு ராஜம்மா தலையில அடிச்சிகினா. முள்ளை நான்தான் எடுத்தேன். அன்னிலேருந்து வெள்ளிக்கெழமை மாட்டைக் கழுவற நாளுல, அவளையும் வெயில்ல குந்தவெச்சி வாயி, காது, தலை, காலு எல்லாம் பாத்துடுவோம். துரை குத்துறான், கிள்ளுறான்னு அவ சொன்னா, சிரிக்கறதுக்கு மின்னாடி எந்தப் பக்கம்னு கேட்டுடுவேன்.

ஆனா ஒரு பயம் எனக்குப் போவல. அவ கஞ்சி குடிச்சா, கூழு குடிச்சா, எழுந்து நிக்கல. அருவாளைத் தொடல. பல்லுல வெச்சி எதையும் கடிக்கல. ஒரு முறுக்கு வாங்கியாந்து குடுத்தேன், கையிலயே வெச்சிகினு இருந்தா, சாயங்காலம் கோழிக்குப் போட்டா. டாக்டர் ஆறிடுச்சுன்னாரு. ஆறினா ஏன் துன்னல? ரொம்ப லேட்டாக் கூட்டிகினு போய்ட்டமா, இதுக்கு மேல இவ தேற மாட்டாளான்னு நெனப்பு. சவாரியில இருந்தாலும் அந்த நெனப்புதான். இப்படியே மூணு வாரம் ஓடிச்சு.

வைகாசி கடைசியில ஒரு காலையில, வண்டி பூட்டிகினு இருக்கேன். மாட்டுக் கொட்டாயிலேருந்து ராஜம்மா கத்தினா.

"இன்னாய்யா! இங்க வா! புண்ணாக்கு கொறையுது!"

எலி துன்னிருக்கும்டின்னு சொல்லிகினே போனேன். ராஜம்மா ஒரு புண்ணாக்குத் துண்டை ரெண்டு கையில ஏந்திகினு நிக்கிறா. வாங்கிப் பாத்தேன். ஓரத்துல கடிச்ச தடம். எலிப் பல்லு இல்ல நைனா. மனுசப் பல்லு. நல்லா பதிஞ்சி, நல்லா அழுந்தி, கடக்குன்னு கடிச்ச தடம்.

ராஜம்மா மூஞ்சியைப் பாத்தேன். பதினாலு வருசமா இதுக்காகத் திட்டினவ, முந்தானையை வாயில வெச்சிகினு அழுவறா.

திரும்பினா, கன்னியம்மா வாசப்படியில நிக்கிறா. தலை வாரி முடிஞ்சி, இடுப்புல அருவா. நான் வுடுவேனா? கோவமா மூஞ்சியை வெச்சிகினு அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டினேன்.

"யாரு துன்னது இதை?"

"துரை"ன்னா.

"எந்தப் பக்கத்துப் பல்லுல?"

ஒரு நிமிசம் யோசிச்சா. அப்பால வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டிட்டு, சிரிச்சிகினே ஏரிக்கரைப் பக்கம் நடந்தா.

அன்னிக்குச் சவாரி முடிச்சி வர்றப்போ, எப்பவும் வாங்குற புண்ணாக்குக்கு மேல ஒரு வீசை சேத்து வாங்கியாந்தேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் வாங்கறேன். அது மாட்டுக்கு இல்ல.